ரோகிணியை விட்டு நகராத கடுவன்

டிசம்பர் 2, திங்கள்

இன்று என் கையால் ஒரு கல்யாணம் நின்றுபோனது. தாலி கட்டும் நேரத்தில் எழுந்து "நிறுத்துங்கள்" என்று கத்தவில்லை. அதற்கெல்லாம் எனக்குத் தொண்டை போதாது. பெயர் மட்டும்தான் கோகிலவாணி. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், அவ்வளவுதான்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் 'பூச்சரடு திருமணத் தகவல் மையம்'. அதன் வெப்சைட்டில் ஒரு எழுத்தை மாற்றினாலும் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். நிறுத்துகிற நேரத்தில் உள்ளே சாட்டில் பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு எல்லோரும் பொத்தென்று வெளியே விழுவார்கள். எப்போது நிறுத்துவது என்று கம்ப்யூட்டர் படித்த நான் முடிவு செய்வதில்லை. மஞ்சள் மண்டி நடத்திவிட்டுக் கல்யாணத் தொழிலுக்கு வந்த எங்கள் முதலாளி செங்கோட்டுவேலு முடிவு செய்கிறார், நாட்காட்டியைக் கிழித்துப் பார்த்து. திங்கட்கிழமை பன்னிரண்டு வரை எமகண்டம். ஆகவே பன்னிரண்டு ஐந்துக்கு.

பன்னிரண்டு ஐந்துக்கு நிறுத்தினேன். தான் குறித்த நேரம் தனக்கே மறந்துபோய், முதலாளி தன் கேபினில் உட்கார்ந்து தங்கை மகனுக்காகத் திருப்பூர் பெண் வீட்டாரோடு சாட்டில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கடைசியாக அனுப்பியது இது:

"பொண்ணு போட்டோ பாத்தோமுங்க. எல்லாம் சரிதானுங்க. ஒரே ஒரு குறைதான்."

அடுத்து, "இந்த இடம் இத்தனை நாளா எங்க கண்ணுல படாமப் போச்சேங்கிறதுதான்" என்று அடிக்க இருந்தாராம். அது விரல் நுனியிலேயே நின்றுவிட்டது. அரை மணியில் திருப்பூரிலிருந்து போன் வந்தது. "எங்க பொண்ணுகிட்ட என்ன குறையக் கண்டீங்க?" என்று தொடங்கி, மண்டிக் காலத்தில் முதலாளி மஞ்சளில் எதைக் கலந்தார் என்பது வரை அலசிவிட்டார்கள். சம்பந்தம் முறிந்தது.

இன்று பாதியில் அறுந்த பேச்சுகளில் என்னுடைய சோதனைப் பேச்சும் ஒன்று. அது பெரிய விஷயமில்லை. எழுதியிருக்கவே வேண்டியதில்லை.

டிசம்பர் 4, புதன்

முதலாளி கூப்பிட்டார்.

"அம்முணி, தை ஒண்ணுல இருந்து நம்ம சைட்டு ஒரு நிமிசங்கூட நிக்கக் கூடாது."

"சார், புதுசா எதாச்சும் ஏத்தணும்னா நிறுத்தித்தானுங்க ஆகணும்."

"ஓடற பஸ்ஸுல டிரைவரை மாத்தச் சொல்றேன்னு வெச்சுக்கோ."

"மாத்துனா பஸ்ஸு பள்ளத்துல கிடக்குமுங்க சார்."

"பெங்களூர்க்காரங்க மாத்தறாங்களாமே? கொட்டேசன் அனுப்பியிருக்காங்க, பாரு." ஒரு காகிதத்தை ஃபேன் காற்றில் படபடக்கவிட்டார். "சர்வரை மொத்தமா அவங்களே பாத்துக்குவாங்களாம். நீ செஞ்சா நீ. தையில ஒருக்கா நின்னாலும் அவங்க. நான் நல்லவிதமாத்தான் சொல்றேன்."

நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு கம்பெனிக்குப் போய், நேற்று மீசை முளைத்த ஒருவன் முன்னால் உட்கார்ந்து, "ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கண் ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன் என்றா சொல்வது?

வரும் வழியில் சிலிண்டர் பதிவு செய்தேன். மாவு புளித்துவிட்டது.

டிசம்பர் 6, வெள்ளி

சோதனைப் பேச்சு என்று எழுதிவிட்டேன். பின்னாளில் எடுத்துப் படித்தால் எனக்கே தப்பாகத் தோன்றும். விளக்கிவிடுகிறேன்.

சாட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, மறுமணப் பிரிவில் ஒரு பொய் உறுப்பினரை உருவாக்கியிருக்கிறேன். பெயர் ரோகிணி. கற்பனைக்கு நேரமில்லாததால் மற்றதெல்லாம் என் விவரம்தான். விவாகரத்தாகிப் பதினாறு வருடம். பிடித்தது: சுக்கு காபி, பஸ்ஸில் ஜன்னலோரம். பிடிக்காதது: 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா' என்ற வாக்கியம்.

சோதனைக்கு எதிர்முனையில் ஒருவர் வேண்டுமே? அக்டோபரில் வந்து வாய்த்தவர் குழந்தைவேலு. ஐம்பத்திரண்டு வயது. கோபிசெட்டிபாளையத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். மனைவி காலமாகி ஏழு வருடம். "சாப்டாச்சுங்களா" என்றுதான் ஆரம்பிப்பார். பதில் வந்த பிறகுதான் தான் சாப்பிடப் போவார். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல, சோதனையில் தானாக வந்த தகவல்கள்.

இதை மெர்லின் கண்டுபிடித்துவிட்டாள். வெப்சைட்டுக்கு நிரல் எழுதுகிறவள் அவள்தான். நாகர்கோவில்காரி, வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும்.

"எக்கா, இந்தச் சோதனை ஐடியில நேத்து மட்டும் ரெண்டு மணி நேரம் சாட்டு போயிருக்கு?"

"லோட் டெஸ்ட்," என்றேன். சர்வர் எத்தனை பேர் பாரத்தைத் தாங்கும் என்று பார்ப்பது.

"ஒத்த ஆளை வச்சா?"

"கனமான ஆள்."

"அது சரி," என்றாள். அந்த 'சரி' சரியாக இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது!

எங்கள் வெப்சைட்டைத் தாங்கும் ஜாவா சர்வருக்கு டாம்கேட் என்று பெயர். தமிழில் சொன்னால் கடுவன் பூனை. இது முதலாளிக்குத் தெரியாது. பூனை குறுக்கே போனாலே காரைத் திருப்பி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவர் அவர். கம்பெனியே பூனை முதுகில் சவாரி செய்கிறது என்று தெரிந்தால் அவ்வளவுதான். அந்தக் கடுவன்மேல் ஏற்றுகிற கோப்புக்கு 'வார்' என்று பெயர், அதாவது போர். கல்யாணத் தளத்துக்குப் பொருத்தமான பெயர்தான். நான் ஒரு கல்யாணம் செய்து பார்த்தவள், சொல்கிறேன்.

முதலில் சுலபமானதைச் செய்து பார்த்தேன். கோப்பு மாறினால் கடுவன் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி ஓர் அமைப்பு உண்டு. எடுத்துக்கொண்டது. ஆனால் உள்ளே இருந்தவர்களை உதறித் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டது. அதற்கு ரீஸ்டார்ட்டே மேல்.

பிறகு கையேட்டில் ஒரு மூலையில் கண்ணில் பட்டது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இரண்டு ஹாஷ் குறி போட்டு, ஒரு பதிப்புப் பெயரும் சேர்த்து ஏற்றினால் போதுமாம். கடுவன் பழைய பதிப்பை நிறுத்தாது, பக்கத்திலேயே புதியதையும் ஓட்டும். கல்யாணப் பந்தி மாதிரி. முதல் பந்தியில் சாப்பிடுகிறவர்களை யாரும் எழுப்புவதில்லை. புதிதாக வருகிறவர்களைப் பக்கத்து ஹாலில் உட்கார வைக்கிறோம். பழைய பந்தியில் கடைசி ஆள் பாயசத்தை வழித்துவிட்டு எழுந்ததும் அந்த ஹாலைப் பூட்டிவிடலாம். பூட்டுவதையும் கடுவனே செய்யும். அமைப்புக் கோப்பில் அதற்கென்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சரி.

மாலைச் சோதனையில் இதைக் குழந்தைவேலுவிடம் 'ஆபீசில் ஒரு வேலை' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னேன். "வண்டியை நிறுத்தாமக் கியரு மாத்தறீங்க, அவ்வளவுதானுங்க. கிளட்ச மட்டும் படக்குன்னு விட்டுராதீங்க" என்று எழுதினார்.

டிசம்பர் 12, வியாழன்

மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதால் கார்த்திகை முடிவதற்குள் ஆரம்பித்தாக வேண்டும் என்று முதலாளி. பதிப்புகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் வந்தது பஞ்சாயத்து.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டிரலாம் சார்," என்றாள் மெர்லின்.

"எட்டு வருமே?" என்றார் முதலாளி.

"ஏழுக்கு அடுத்து அதுதான சார் வரும்."

"எட்டு ஆகாது."

பொருத்தம் பார்க்கிற ஜோசியர் நாச்சிமுத்து, ஏலக்காய் மென்றுகொண்டே தீர்த்துவைத்தார். "நட்சத்திரம் இருபத்தேழு இருக்குதுங்களே? அசுவினில ஆரம்பிச்சு வரிசையாப் போங்க. கல்யாண சைட்டுக்கு அதவிட என்னங்க பொருத்தம் வேணும்?"

எனக்கும் அழகாகத்தான் பட்டது. ஆங்கில எழுத்தில் அஸ்வினி என்று பெயரிட்டேன். எமகண்டம் முடிந்து காலை ஏழு முப்பத்தைந்துக்கு, உள்ளே யாரும் இல்லாத நேரத்தில், கடைசி ரீஸ்டார்ட். முதலாளி சர்வர் அறை வாசலில் பூசணிக்காய் உடைத்தார். ஒரு துண்டு தெறித்து என் சேலையில் விழுந்தது. நீலச் சேலை. கறை போகவில்லை.

டிசம்பர் 18, புதன்

பரணி ஏறினாள்!

பதினொரு மணிக்கு ஏற்றினோம். ஒருவர்கூட வெளியே விழவில்லை. எந்தப் பதிப்பில் எத்தனை பேர் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீசே பார்த்தது. அஸ்வினியில் ஆட்கள் குறையக் குறைய, பரணியில் ஏறிக்கொண்டே போனது. நாலு மணிக்கு அஸ்வினியில் கடைசி ஆளும் போக, அது தானாகவே மறைந்தது. கைதட்டல். முதலாளி எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

கோபியில் நேற்று முழுக்க மாதாந்திர மின்தடையாம், குழந்தைவேலு வரவில்லை. இன்று மதியம்தான் நுழைந்தார். ஆகவே அவர் பரணியில்.

டிசம்பர் 19, வியாழன்

பேச்சு அறாமல் போகிறது. சர்வரைச் சொல்கிறேன்.

டிசம்பர் 27, வெள்ளி

கார்த்திகை பதிப்பு ஏறியது. ஆனால் பரணி இன்னும் மூடவில்லை.

"எக்கா, பரணியில ஒத்த ஆளு மட்டும் கிடந்து போமாட்டங்காரு. ஒன்பது நாளா ஒரே ஆளு. ராத்திரி பகலா உள்ளதான் இருக்காரு. பாயசம் இன்னும் வரலைன்னு உக்காந்திருக்காரோ?"

"யாரோ கம்ப்யூட்டரை அணைக்க மறந்துட்டாங்க."

"யாரோவா? கோபின்னு காட்டுது எக்கா."

"கோபியில ஆயிரம் கம்ப்யூட்டர் இருக்கும் மெர்லின்."

மதியம் சாம்பாரில் உப்பு இல்லை. நான்தான் வைத்தேன். கவனம் வேலையில் இருந்தது.

ஜனவரி 1, புதன்

'யாரோ' புத்தாண்டு வாழ்த்து அனுப்பினார். பதில் அனுப்பினேன். சர்வர் புத்தாண்டிலும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஜனவரி 3, வெள்ளி

ரோகிணி பதிப்பு ஏறியது. "வாங்க வாங்க, உங்க பேர்ல ஒண்ணு," என்று மெர்லின் எனக்குக் கைகொடுத்தாள். முதலாளிக்குப் புரியவில்லை. நல்லவேளை.

கார்த்திகை சாயங்காலமே மூடிக்கொண்டது. பரணியில் மட்டும் அதே ஒருவர். அவர் பரணியில், நான் ரோகிணியில். ஆனாலும் பேச்சுக்கு ஒரு தடையும் இல்லை. இதை ஜோசியர் நாச்சிமுத்து ஒப்புக்கொள்ள மாட்டார்.

இன்று குழந்தைவேலு எழுதியது: "தை பொறந்ததும் ஒருக்கா நேர்ல பாக்கலாமுங்களா, ரோகிணிங்க? ஈரோட்டுக்கு நானே வர்றனுங்க. பஸ் ஸ்டாண்டுல சுக்கு காபி நல்லா இருக்குமுன்னு நீங்கதான சொன்னீங்க."

பதில் எழுதவில்லை. சர்வர் மெதுவாக இருந்தது.

ஜனவரி 4, சனி

சர்வர் மெதுவாக இல்லை. சும்மா எழுதினேன்.

ஜனவரி 9, வியாழன்

நாசமாய்ப் போச்சு.

தை ஒன்றாம் தேதிக்காக மெர்லின் ஒரு மாதம் உழைத்துச் செய்தது ஐந்தாவது பதிப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் ஜாதகம் நேராக எதிர்வீட்டார் போனுக்கே போய்விடும். 'தை முதல் ஜாதகம் உங்கள் கையில்' என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மிருகசீரிஷம் என்று பெயர் வைத்து ஏற்றினோம்.

ஏறியது. ஓடுகிறது. ஆனால் உள்ளே ஈ, காக்கை கிடையாது. புதிதாக நுழைகிறவர்கள் எல்லோரும் பழைய ரோகிணிக்கே போகிறார்கள். நானே வெளியேறி நுழைந்து பார்த்தேன். ரோகிணி. மெர்லின் தன் போனில் பார்த்தாள். ரோகிணி. வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த முதலாளியின் டிரைவர் போனிலும் ரோகிணி.

மூன்று முறை எடுத்து ஏற்றினோம். அமைப்புக் கோப்பை எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. நாலு முறை ஒழுங்காக நடந்தது ஐந்தாவது முறை ஏன் நடக்கவில்லை?

முதலாளி வந்து நின்றார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன் அம்முணி. அப்புறம் பெங்களூருக்கு ஒரு போன் போட்டர்றேன்" என்று சொல்லிவிட்டு, கேபினுக்குள் போய் ஏசியைப் போட்டுக்கொண்டார்.

இரவு ரசம் சாதம். இறங்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் ஜோசியர் நாச்சிமுத்து தானாகவே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லீங்களே? சந்திரனுக்குச் சம்சாரம் இருபத்தேழு பேரு. அத்தனை நட்சத்திரமும் அக்கா தங்கச்சிக. ஆனா அவன் ரோகிணி வீட்டுக்குள்ள போனவன் போனவன்தான். மத்தவ வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை. மாமனார் சாபம் வுட்டுத்தான் தேஞ்சு போனான். உங்க மிசினும் அந்த ரகமுங்க. திங்களூர் சந்திரன் கோயிலுக்குப் போயி ஒரு அர்ச்சனை..."

"ஜோசியரே, இது ஜாவா."

"சந்திரனுக்கு ஜாவா என்ன, சுமத்ரா என்ன?"

மெர்லின் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அவள் முதுகைத் தட்டிக்கொண்டே திரையைப் பார்த்தேன். பதிப்புகள் மூன்றும் வரிசையாக நின்றன. முதலில் பரணி. அடுத்து மிருகசீரிஷம். கடைசியில் ரோகிணி.

ஏன் ரோகிணி கடைசியில்? மிருகசீரிஷம்தானே கடைசியாக ஏறியது?

அப்போதுதான் பொட்டில் அறைந்தது. கடுவனுக்கு நட்சத்திர வரிசை தெரியாது. ஆங்கில எழுத்து வரிசைதான் தெரியும். எழுத்து வரிசையில் எது கடைசியோ, அதுதான் அதற்குப் புதுசு. அஸ்வினிக்கு ஏ, பரணிக்கு பி, கார்த்திகைக்கு கே, ரோகிணிக்கு ஆர். முதல் நாலு நட்சத்திரமும் ஆங்கில வரிசையிலேயே அமைந்து தொலைத்ததில் நாங்கள் ஏமாந்துபோனோம். மிருகசீரிஷம் எம். ஆருக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. கடுவன் கணக்கில் அது பழசு. சர்வரை நூறு முறை ரீஸ்டார்ட் செய்திருந்தாலும் ரோகிணிதான் வந்திருப்பாள்.

முன்னால் ஐந்து என்று எண்ணைப் போட்டு ஏற்றினேன். போச்சு. அந்த வரிசையில் எண்ணெல்லாம் எழுத்துக்கு முன்னால். மிருகசீரிஷம் இன்னும் பழசாகி, பரணிக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

"அடுத்த நட்சத்திரம் திருவாதிரை. டி. அதையே வச்சிரலாமே எக்கா?"

முதலாளி மறுத்துவிட்டார். "ஒரு நட்சத்திரத்தைத் தாண்டிட்டுப் போறதா? அது எந்தப் புள்ளையோட நட்சத்திரமோ, என்னமோ." திரையில் இருந்த பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, "முன்னால ஒரு ஸ்ரீ போடலியா நீங்க?" என்றார்.

"எதுக்குங்க சார்?"

"எதுக்குன்னு கேக்கறா பாரு. பேங்க் செக்குக்கே நான் மூலைல ஸ்ரீ போட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். மொட்டையா எழுதுனா எப்படி வெளங்கும்?"

ஸ்ரீ. ஆங்கிலத்தில் எஸ். ஆருக்கு அடுத்தது எஸ்!

நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். ஸ்ரீ, அதன் பின்னால் பூஜ்யம் ஐந்து, அதன் பின்னால் மிருகசீரிஷம். ஏற்றி முடித்ததும் மெர்லின் தன் போனில் நுழைந்தாள். புதிய பக்கம். ஜாதகப் பொத்தான் சிவப்பாகச் சிரித்தது.

"பாத்தியா?" என்றார் முதலாளி. "சாஸ்திரம்."

நான் மறுக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் அவருக்கும் வருத்தம், எனக்கும் கொட்டேசன்.

ஜனவரி 11, சனி

ஒன்று தீர்ந்தால் ஒன்று. இப்போது பரணி, ரோகிணி, ஸ்ரீ மிருகசீரிஷம் மூன்றும் ஒரே சர்வரில் ஓடுகின்றன. ரோகிணி நாளைக்குள் தானாகக் காலியாகிவிடும். பரணி ஆகாது. நினைவகத்தில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. தை ஒன்றாம் தேதிக் கூட்டம் வந்தால் மூச்சு முட்டி விழும். விழுந்தால் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் என்றால் பெங்களூர்.

"ஒத்த ஆளு எக்கா. ஒத்த கிளிக். தூக்கி வெளிய போட்டிரட்டா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"உள்ளே இருக்கிறவங்களை வெளியே தள்ளக் கூடாதுன்னுதானே இத்தனை பாடும் பட்டோம்? கொள்கைன்னு ஒண்ணு இருக்கு."

மெர்லின் என் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்யவில்லை. முதல் முறையாக.

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா அவருகிட்ட," என்றாள்.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடிகாலையில் வீதியெல்லாம் பழைய பாய், கிழிந்த தலையணை எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. நான் ஆபீசில்.

மதியம் குழந்தைவேலுவிடம் சொன்னேன். இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன். சோதனைப் பதிவுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

"நீங்க ஒருக்கா லாக் அவுட் பண்ணணுமுங்க," என்று அடித்தேன்.

"ஏனுங்க? நான் எதாச்சும் தப்பாக் கேட்டுட்டனுங்களா?"

"தப்பெல்லாம் இல்லீங்க. நீங்க ஒருத்தர் உள்ள இருக்கறதால பழைய சைட்டு ஒண்ணு மூடாம ஓடீட்டிருக்குதுங்க. நாளைக்குக் கூட்டம் வந்தாத் தாங்காது."

"அதெல்லாம் உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

ஒரே மூச்சில் அடித்து அனுப்பினேன்.

"என் பேரு ரோகிணி இல்லீங்க. கோகிலவாணி. இந்த சர்வரைப் பாக்கறவளே நான்தானுங்க. இது சோதனைக்குன்னு போட்ட ஐடி. பேரு மட்டுந்தான் பொய்."

'எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

"அப்ப டிசம்பர் மாசம் ஒரு நாளு பாதிப் பேச்சுல காணாமப் போனீங்களே?"

"நான்தானுங்க நிறுத்துனேன்."

"சுக்கு காபி?"

"அது நெசமுங்க."

"அன்னிலிருந்து நான் கம்ப்யூட்டர அணைக்கறதே இல்லீங்க. நடுவுல கரண்டு கட்டாகி ஒருக்கா அணைஞ்சு போச்சு. மறுநாளே இன்வெர்ட்டர் வாங்கி மாட்டீட்டனுங்க. அணைச்சா நீங்க மறுபடியும் காணாமப் போயிருவீங்களோன்னு."

நான் ஏதோ அடிக்கத் தொடங்கினேன். அனுப்புவதற்குள் எதிர்முனை அணைந்துவிட்டது. பரணியில் ஆட்கள்: பூஜ்யம். ஒரு நிமிடத்தில் பரணியே இல்லை. நினைவகம் சரசரவென்று இறங்கியது. மெர்லின் கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கண் எரிந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்தேன். போகிப் புகை என்றேன். மத்தியானம் மூணு மணிக்கு ஏது எக்கா போகிப் புகை என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கூட்டம் என்றால் கூட்டம், துணிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி. சர்வர் அசையவில்லை. நடுவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, ஸ்ரீ பூஜ்யம் ஆறு திருவாதிரையையும் ஏற்றினோம். யாருக்கும் தெரியவே இல்லை.

முதலாளி இன்று திருப்பூர்க்காரருக்குப் பழைய வாக்கியத்தின் மீதியை அனுப்பினார். "இந்த இடம் இத்தனை நாளா எங்க கண்ணுல படாமப் போச்சேங்கிறதுதான்." அரை மணியில் போன் வந்தது. இந்த முறை சிரிப்பு. வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போகிறார்கள்.

பெங்களூர் கொட்டேசனை நாலாக மடித்து, அதன்மேல் வைத்து எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நெய் ஊறித் தொகை தெரியவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. புதிதாக நுழைந்தவர்களில் கோபிக்காரர்கள் பதினோரு பேர். எல்லாம் வேறு ஆட்கள்.

ஜனவரி 15, புதன்

இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

சோதனை ஐடியை அழித்துவிடலாம் என்று காலையில் திறந்தேன். வேலை முடிந்ததே, வைத்திருப்பானேன்.

ஒரு செய்தி வந்து கிடந்தது.

"சோதனை முடிஞ்சுதுங்களா, கோகிலவாணிங்க? பொங்கலுக்கு ஸ்கூல் லீவுங்க. கம்ப்யூட்டர் அங்கதான் இருக்குது. கோவமான்னு நெனச்சிருப்பீங்க. ரெண்டு நாளு இருந்துதுங்க, பொய் சொல்லக் கூடாது. மூணாம் நாளு யோசிச்சுப் பாத்தா, பேரு ஒண்ணத் தவிர எல்லாமே சரியாத்தான சொல்லியிருக்கீங்க? எங்கிட்ட லைசென்ஸ் எடுக்க வர்றவங்க வயசையே மாத்திச் சொல்றாங்க. சாப்டாச்சுங்களா?"

நான் இன்னும் சாப்பிடவில்லை. அதைத்தான் எழுதினேன்.

ஐடியை அழிக்கவில்லை. பெயரை மட்டும் திருத்தினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இருபது வருடமாக பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு சர்வர் நிர்வாகிக்குக் கார் ஓட்டத் தெரிந்திருப்பது அவசியம். அவசரத்துக்கு ஆபீஸ் வர வேண்டியிருக்கும். ஈரோட்டிலும் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறதே என்று மெர்லின் போனில் கேட்டாள். கோபியில் ரோடு அகலம் என்றேன்.

கறை படிந்த நீலச் சேலையைக் கட்டவில்லை. பச்சை.

முதல் வகுப்பு. போட்டோவில் இருப்பதைவிட முடி குறைவு, சிரிப்பு அதிகம். தோளில் ஒரு துண்டு, கையில் ஃபிளாஸ்க். உள்ளே சுக்கு காபி. பஸ் ஸ்டாண்டு காபியைவிடக் காரம் தூக்கல். சொல்லவில்லை, இரண்டாவது டம்ளரும் கேட்டேன்.

"கிளட்ச மெதுவா விடுங்க. மெதுவா... மெதுவாங்க..."

வண்டி குலுங்கி நின்றது. மறுபடி. மறுபடியும். வாய்க்கால் பாலத்துக்கும் பச்சைமலை ரோட்டு வளைவுக்கும் நடுவில் எத்தனை முறை நின்றது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பின்னால் ஒரு கரும்பு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றரை மாதம் உயிரைக் கொடுத்து ஒரு ரீஸ்டார்ட்டைக்கூட இல்லாமல் ஆக்கியவள், ஒரு ஃபர்லாங்கில் அத்தனையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது.

"எனக்கு வராதுங்க போலிருக்குது," என்றேன்.

அவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, டிராக்டரை முன்னால் போகச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நின்னா என்னங்க இப்ப? சாவி உங்க கையிலதான இருக்குது. இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினேன்.